எழுந்திருக்க முடியாத எல்க்குகள்: ரெட் ரிம் லைக்கன் நஞ்சு, ஒரு நிகழ்வு ஆய்வு

2004 பிப்ரவரி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ராலின்ஸ் நகரை ஒட்டிய ரெட் ரிம் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் எல்க் மான்கள் படுத்துக் கிடந்தன. பெரிய உடம்பு, நல்ல ரோமம். தலையைத் தூக்கிப் பார்க்கின்றன, ஆள் வருவது தெரிகிறது, காதைத் திருப்புகின்றன. எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. இன்னும் விழாதவை தள்ளாடி நடந்தன. விழுந்தவை திரும்ப எழவே இல்லை. பனியில் கிடந்து செத்தன, அல்லது துன்பம் நீள வேண்டாம் என்று கருணைக்கொலை செய்யப்பட்டன.

ஏப்ரல் தொடக்கம் வரை இது நடந்தது. எண்ணிக்கையில் வந்தவை மட்டும் 300-க்கும் மேல். கண்ணில் படாமல் போனவற்றையும் சேர்த்து 400 முதல் 500 வரை இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

ஒரு காட்டில் இத்தனை மான்கள் சாகும்போது முதலில் நினைவுக்கு வருவது தொற்றுநோய். அந்த வட்டாரத்தில் மான்களின் மூளையை அரிக்கும் ப்ரியான் நோய் ஏற்கெனவே உண்டு என்பதால் பயம் இன்னும் கூடுதல். ஆனால் இங்கே மூளை தெளிவாக இருந்தது. ப்ரியான் நோய் வந்த மான் எலும்பும் தோலுமாகிவிடும். எதிரே நிற்பவரைக் கவனிக்காது. இவை கவனித்தன. கோளாறு காலில் இருந்தது, சரியாகச் சொன்னால் கால் தசையில். அறுத்துப் பார்த்தபோது எலும்புத் தசைகளில் வெளிறிய கோடுகள், நுண்ணோக்கியில் சிதைந்த தசை நார்கள், இரத்தத்தில் தசை அழிவைக் காட்டும் நொதிகள் எகிறியிருந்தன.

விடை இரைப்பையில் இருந்தது. செத்த மான்களின் முதல் இரைப்பையைத் திறந்தபோது, மென்ற புல்லோடும் செடியோடும் கலந்து, வெளிறிய மஞ்சள் பச்சை நிறத்தில் பட்டை பட்டையான துண்டுகள் கிடந்தன. அது இலை அல்ல. லைக்கன்.

உருளும் லைக்கன்

சாந்தோபார்மீலியா குளோரோக்ரோவா என்பது அதன் பெயர். லைக்கன் என்றால் பாறையிலோ மரப்பட்டையிலோ ஒட்டிக் கிடக்கும் ஒன்றாகத்தான் நமக்குப் பழக்கம். இது எதிலும் ஒட்டாது. வட அமெரிக்காவின் வறண்ட மேட்டுப் புல்வெளிகளில் மண்மேல் சும்மா கிடக்கும். காய்ந்தால் விளிம்புகள் உள்பக்கமாகச் சுருண்டு உருண்டையாகிவிடும். காற்று அடித்தால் உருளும். ஈரம் பட்டால் விரிந்து படுத்துக்கொள்ளும். பள்ளங்களிலும் செடி அடிகளிலும் காற்று இதை ஒதுக்கிக் குவித்து வைக்கும். பசியோடு வரும் விலங்குக்கு, குனிந்தால் வாய் நிறையும் தீனி.

ஆள் புதியவர் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வயோமிங் ஆட்டுக்காரர்களிடமும் கால்நடை நச்சுச்செடி ஆய்வாளர்களிடமும் இந்தத் தரை லைக்கனைப் பற்றிய புகார் இருந்தது: தின்ற ஆடுமாடுகளுக்குப் பின்னங்கால் விளங்காமல் போகிறது என்று. அப்போது இதற்கு வேறு அறிவியல் பெயர். பெயர் மாறினால் பழைய குறிப்புகள் தேடுபவர் கைக்கு அகப்படாமல் போவது வகைப்பாட்டியலில் சகஜம்.

இரைப்பையில் இருந்தது என்பதாலேயே அதுதான் கொன்றது என்று ஆகிவிடாது. செத்த மனிதரின் சட்டைப்பையில் கிடந்த ரசீதை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்க முடியாது. ஆகவே பிடித்து வளர்க்கப்பட்ட மூன்று எல்க்குகளுக்கு அதே லைக்கனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே தள்ளாட்டம் அங்கேயும் வந்தது. வழக்கின் முதல் பாதி அதோடு முடிந்தது. இரண்டாம் பாதிதான் சிக்கல்: லைக்கனுக்குள் இருக்கும் எது?

ஒரு சொட்டுக் காரம்

இந்த லைக்கனின் ஒரு துண்டை எடுத்து, மேல்தோலை பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு தெரியும். அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். முதலில் மஞ்சளாகும். பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு நிமிடத்துக்குள் அந்த மஞ்சள் கருத்து, ஆரஞ்சாகி, இரத்தச் சிவப்பில் நிற்கும். நுண்ணோக்கியில் அந்தச் சிவப்பு, ஊசி ஊசியாகப் படிகங்கள் கூடி நிற்பதாகத் தெரியும். சலாசினிக் அமிலம் இருப்பதற்கான அடையாளம் இது. கூடவே கொஞ்சம் நார்ஸ்டிக்டிக் அமிலமும் இருக்கும். அதுவும் இப்படித்தான் சிவக்கும்.

இந்தச் சொட்டுச் சோதனையை லைக்கன் ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் நைலாண்டர், 1866-ல். பின்லாந்துக்காரர், பாரிஸில் வாழ்ந்தவர். ஒரு வேடிக்கை உண்டு. லைக்கன் என்பது ஒரே செடி அல்ல, ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் அதே பத்தாண்டில் சொன்னபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் நைலாண்டரும் ஒருவர். அவர் கைவசம் இருந்த வேதியியலோ பிற்பாடு ஷ்வெண்டனரின் பக்கமே சாட்சி சொன்னது: சொட்டுச் சோதனையில் நிறம் மாறும் பொருள்களைச் செய்வது பூஞ்சை, அதற்கான மூலச் சர்க்கரையைக் கொடுப்பது பாசி.

இந்தப் பொருள்கள் செல்லுக்குள் தங்குவதில்லை. பூஞ்சை இழைகளின் வெளிப்பரப்பில் நுண்படிகங்களாகப் படிந்திருக்கும், கயிற்றில் உப்புப் பூத்த மாதிரி. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட லைக்கன் பொருள்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை வேறு எந்த உயிரிலும் கிடையாது. உலர் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே தொடங்கி பத்து சதவீதம் வரை சாதாரணமாக இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேல். மெதுவாக, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் ஓர் உயிர் தன் சம்பாத்தியத்தில் இவ்வளவை இதற்கென்று ஒதுக்குகிறது என்றால் சும்மா இருக்காது. வெயிலைத் தடுக்க ஒரு பங்கு, தின்ன வருபவரை விரட்ட ஒரு பங்கு. உலர்ந்த லைக்கனை அசிட்டோனில் அலசினால் அது சாகாது, ஆனால் இந்தப் படிகங்கள் கழுவிப் போய்விடும். அப்படி அலசிய லைக்கனையும் அலசாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நத்தைகள் அலசியதைத்தான் தின்னும். வேலியை எடுத்தால் வயல் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பரிசோதனை இல்லை.

உருளும் லைக்கனின் மேல்தோலில் இருக்கும் மஞ்சள் பச்சை வேறொரு பொருள்: உஸ்னிக் அமிலம். 1844-லேயே ஜெர்மானியர் க்னாப் பிரித்தெடுத்துவிட்டார். மரக்கிளைகளில் தாடி மாதிரித் தொங்கும் உஸ்னியா லைக்கன்களிலிருந்து வந்த பெயர். லைக்கன் பொருள்களில் உலகமே அதிகம் ஆராய்ந்தது இதைத்தான். ரெட் ரிம் விசாரணையில் சந்தேகம் முதலில் விழுந்ததும் இதன்மேல்தான்.

அணையில் ஓட்டை

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஒரு அணைக்கட்டு மாதிரி வேலை செய்கிறது. உணவை எரித்து வரும் ஆற்றலால் புரோட்டான்களை உள்சவ்வின் ஒரு பக்கம் தள்ளித் தேக்குகிறது. அவை ஒரு குறிப்பிட்ட மதகு வழியாகத் திரும்பி வரும்போதுதான், செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி உருவாகிறது. உஸ்னிக் அமிலம் கொழுப்பில் கரையும் மெல்லிய அமிலம். புரோட்டானைச் சுமந்துகொண்டு சவ்வைக் கடக்கும், மறுபக்கம் இறக்கிவிடும், காலி ஆளாகத் திரும்பி அடுத்த சுமைக்கு வரும். எதிர்மின்னூட்டம் கொண்ட காலி மூலக்கூறு சவ்வின் கொழுப்பைக் கடக்கச் சிரமப்பட வேண்டும். ஆனால் இதில் மின்னூட்டம் வளையங்களில் பரவிவிடுவதால் தடையில்லாமல் போய்வருகிறது. விளைவு, மதகைத் தொடாமல் தண்ணீர் கசிந்துவிடுகிறது. எரிபொருள் எரிகிறது, சூடு வருகிறது, ஏடிபி வருவதில்லை. தசைக்கு இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சந்தேகத்தைச் சோதிக்க வயோமிங்கில் செம்மறியாடுகளுக்குச் சுத்தமான உஸ்னிக் அமிலத்தையே கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: கால் தசைகள் சிதைந்தன, இரத்தத்தில் தசை நொதிகள் ஏறின. ஆக, உஸ்னிக் அமிலம் தசையை அழிக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவைப் பாருங்கள். ஆடுகளில் பாதியைப் பாதிக்கும் அளவு, கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 485 முதல் 647 மில்லிகிராம், அதுவும் 7 நாள் தொடர்ந்து.

60 கிலோ ஆடு ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம். கீழ் எல்லையை எடுத்தாலே நாளைக்கு 29 கிராம் சுத்தமான உஸ்னிக் அமிலம். லைக்கனில் 2 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உலர்ந்த லைக்கன். அந்த அளவு ஆடு ஒரு நாளில் தின்னும் மொத்த உலர்தீனியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது வேறெதுவும் தொடாமல் ஒரு வாரம் முழுக்க லைக்கனை மட்டுமே தின்றாக வேண்டும். பட்டினிக் குளிர்காலத்தில் அதுவும் நடக்கக்கூடியதுதான். என்றாலும் எனக்குக் கணக்கு இடிக்கிறது. உஸ்னிக் அமிலம் தனியாக வரவில்லை. உள்ளடுக்கில் சலாசினிக் அமிலம் ஏராளம். ஒரு பொருளைப் பிரித்து, அதை மட்டும் கூண்டில் ஏற்றி விசாரிப்பது ஆய்வகத்துக்கு வசதி. மான் தின்றது முழு லைக்கனை.

யார் வயிறு?

ரெட் ரிம் பகுதிக்கு வேறொரு பழைய புகழ் உண்டு. குளிர்காலத்தில் ப்ராங்ஹார்ன் என்னும் மறிமான் போன்ற விலங்குகள் ஒதுங்கும் இடம் அது. 1980-களில் ஒரு பண்ணையாளர் அங்கே 28 மைல் நீளத்துக்கு வேலி போட்டு அவற்றின் வழியை மறிக்க, வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1988-ல் வேலி திறக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பானது. அந்த ப்ராங்ஹார்ன்கள் குளிர்காலத்தில் இதே உருளும் லைக்கனைத் தின்கின்றன. அவற்றுக்குக் கால் விளங்காமல் போவதில்லை.

அப்படியானால் எல்க்குகளுக்கு மட்டும் ஏன்? விழுந்த எல்க்குகள் வழக்கமாக அங்கே குளிர்காலம் கழிப்பவை அல்ல, புதிதாக இறங்கி வந்தவை என்பது வனவிலங்குத் துறையினர் சொன்ன விளக்கம். அசைபோடும் விலங்கு தின்பதை முதலில் சாப்பிடுவது அதன் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம். அந்தக் கூட்டம் பழகியிருந்தால் நஞ்சு இரத்தத்துக்குப் போகும் முன்பே உடைந்துவிடும். பழகாத வயிற்றில் அது அப்படியே உள்ளே போகும்.

இது வெறும் ஊகமல்ல, வேறொரு விலங்கில் பார்த்தது. வட துருவத்தை ஒட்டிய நாடுகளின் பனிமான்கள் குளிர்காலம் முழுக்க லைக்கனில் வாழ்கின்றன. அவற்றின் முக்கியத் தீனியான கிளடோனியா லைக்கன்களில் உஸ்னிக் அமிலம் உண்டு. நார்வேயில் பனிமான்களின் இரைப்பையை ஆராய்ந்தவர்கள், அங்கே அந்த அமிலம் வேகமாகச் சிதைந்துபோவதைக் கண்டார்கள். அதைத் தாங்கி வாழும் ஒரு பாக்டீரியாவையும் பிரித்தெடுத்து, பனிமானின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்: யூபாக்டீரியம் ராங்கிஃபெரினா. பனிமான் லைக்கன் தின்கிறது என்று நாம் சொல்வது பாதி உண்மை. அதன் வயிற்றில் குடியிருப்பவர்கள் முதலில் சமைத்துத் தருகிறார்கள்.

மனிதருக்கு அப்படி ஒரு முன்சமையலறை கிடையாது.

மாத்திரைக்குள் வந்த தாடி லைக்கன்

ரெட் ரிம்முக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, அதே மூலக்கூறு வேறொரு கோப்பில் பதிவாகியிருந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் இரண்டும் புரியும்.

லிப்போகைனெடிக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் உடல் மெலிய ஒரு மாத்திரை விற்றது. உணவுத் துணைப்பொருள் என்ற வகை. மருந்துக்கு உள்ள சோதனைகள் இதற்குத் தேவையில்லை. ஒரு மாத்திரையில் 100 மில்லிகிராம் சோடியம் உஸ்னியேட், அதாவது உஸ்னிக் அமிலத்தின் உப்பு; கூடவே காஃபீன், யோஹிம்பின், நார்எஃபெட்ரின், ஒரு தைராய்டு வகைப் பொருள். தர்க்கம் எளிது: அணை கசிந்தால் கொழுப்பு வீணாக எரியும், உடல் மெலியும். இந்தத் தர்க்கம் ஏற்கெனவே ஒருமுறை ஆளைக் கொன்றிருக்கிறது. 1930-களில் டைநைட்ரோஃபீனாலை இதே காரணத்துக்காக விற்று, கண்புரையும் சாவுகளும் வந்து, 1938-ல் நிறுத்தினார்கள்.

2001 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. 2002-ல் வெளியான மருத்துவ அறிக்கையில் ஏழு பேர். எல்லாரும் அதுவரை ஆரோக்கியமானவர்கள், மாத்திரை தொடங்கி மூன்று மாதத்துக்குள் கடுமையான கல்லீரல் அழற்சி, நிறுத்தியதும் தேறினார்கள். ஐந்து பொருள் கலந்த மாத்திரை என்பதால் எது குற்றவாளி என்று அப்போதும் வாதாட இடம் இருந்தது. 2004-ல் வந்த இன்னொரு அறிக்கை அந்த இடத்தையும் அடைத்தது. 28 வயதுப் பெண். வேறு கலப்பில்லாத உஸ்னிக் அமிலம், நாளைக்கு 500 மில்லிகிராம், இரண்டு வாரம். கல்லீரல் முற்றாகச் செயலிழந்து, அவசரமாக மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டியதாயிற்று.

60 கிலோ மனிதருக்கு 500 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 8 மில்லிகிராம். ஆட்டின் தசை சிதையத் தேவைப்பட்டது அதைப்போல அறுபது மடங்கு. விலங்குக்கும் மனிதருக்கும் நேராக அளவு ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் இடையில் ஓர் இரைப்பை நிறைய நுண்ணுயிர்கள் நிற்கின்றனவா இல்லையா என்பதை இந்த இடைவெளியில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடிபட்ட உறுப்பும் வேறு. அங்கே தசை, இங்கே கல்லீரல்.

விற்பவர்களும் அவர்களுக்காகப் பேசுபவர்களும் அடிக்கடி சொல்லும் ஒரு வாசகம் இங்கே வரும்: ‘இது பல நூற்றாண்டுகளாக மக்கள் பயன்படுத்திய மூலிகை.’ உண்மைதான். உஸ்னியா சீன மருத்துவத்தில் உண்டு, ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் உண்டு. 1940-களில் ஆய்வகங்களும் அதன் கிருமிக்கொல்லித் தன்மையை உறுதி செய்தன; சோவியத் நாட்டில் சோடியம் உஸ்னியேட்டையே பினான் என்ற பெயரில் புண்களுக்குப் போட்டார்கள். ஆனால் எப்படி என்று கேட்க வேண்டும். புண்ணுக்கு மேலே போட்டார்கள். அல்லது தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். உஸ்னிக் அமிலம் தண்ணீரில் கரைவது 100 மில்லிலிட்டருக்கு 0.01 கிராமுக்கும் குறைவு. அசிட்டோனில் அது 0.77 கிராம். கஷாயத்தில் இறங்கியது லைக்கனின் மாவுச்சத்து. அமிலத்தில் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக்குப் போயிற்று. பாட்டி கொடுத்த கஷாயமும் மாத்திரையும் ஒரே லைக்கனிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் ஒரே பொருள் அல்ல.

கொட்டிய தண்ணீர்

வழக்கை இங்கேயே மூடியிருக்கலாம். ஆனால் லைக்கனோடு நெடுங்காலம் புழங்கிய சமூகங்கள் இந்த அமிலங்களை என்ன செய்தார்கள் என்று பார்த்தால், ரெட் ரிம்மில் நடந்தது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

ஐஸ்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் பஞ்ச காலத்தில் செட்ராரியா லைக்கனை மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள், கஞ்சி காய்ச்சினார்கள். அதில் லிக்கெனின் என்ற மாவுச்சத்து நிறைய. கூடவே, நாக்கைச் சுருட்டும் கசப்புக் கொண்ட ஃபியூமார்புரோட்டோசெட்ராரிக் அமிலமும் இருக்கிறது. அதனால் அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகுதான் சமைத்தார்கள். சாம்பல் தண்ணீர் காரம். காரம் பட்டால் லைக்கன் அமிலம் உப்பாக மாறும், உப்பு தண்ணீரில் கரையும். சோடியம் உஸ்னியேட் மாத்திரை செய்ததும் இதே வேதியியல்தான். ஒரே வித்தியாசம்: சமையலறையில் கரைந்ததைக் கொட்டினார்கள், தொழிற்சாலையில் கரைவதை மாத்திரைக்குள் அடைத்தார்கள்.

கனடா, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்நாட்டு சேலிஷ் பழங்குடி மக்கள் ஊசியிலை மரங்களில் கறுப்பு மயிராகத் தொங்கும் பிரையோரியா லைக்கனை உணவாக்கினார்கள். விலா என்று அதற்குப் பெயர். இதில் ஒரு கண்ணி உண்டு. வல்பினிக் அமிலம் என்ற மஞ்சள் நஞ்சு சில தொங்கல்களில் ஏறக்குறைய இல்லை, சிலவற்றில் நிறைய. வகைப்பாட்டியல் அறிஞர்கள் நெடுநாள் அவற்றை இரண்டு இனமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தால் இரண்டின் பூஞ்சையும் ஒன்று, பாசியும் ஒன்று. 2016-ல் ஒரு குழு மேல்தோலில் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் பூஞ்சை இருப்பதைக் காட்டி, மஞ்சள் கூடக்கூட அதுவும் கூடுகிறது என்றபோது லைக்கன் உலகமே கொஞ்சம் ஆடிப்போனது. சேலிஷ் பெண்களுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. பறிக்கும் முன் ஒரு மயிரைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்கள். கசந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டார்கள். கசக்காததைப் பறித்து, அலசி, குழிக்குள் சூடான கற்களின்மேல் காட்டு வெங்காயத்தோடு அடுக்கி மூடி, இரவெல்லாம் வேகவிட்டார்கள். மறுநாள் கறுத்துக் குழைந்த பாளமாக வெளியே வரும்.

நஞ்சே வேண்டும் என்றவர்களும் உண்டு. வல்பினிக் அமிலம் அதிகம் உள்ள லெதாரியா, எலுமிச்சை மஞ்சளில் மின்னும் லைக்கன்; ஸ்காண்டிநேவியாவில் ஓநாய்க்கும் நரிக்கும் வைக்கும் பொறி இரையில் இதை அரைத்துக் கலந்தார்கள், கண்ணாடித் தூளும் சேர்த்து. லின்னேயஸ் 1753-ல் இதற்குக் கொடுத்த பெயரிலேயே நரி இருக்கிறது. அதே லெதாரியாவின் மஞ்சள்தான் வட அமெரிக்கப் பசிபிக் கரையில் சில்காட் பழங்குடிப் போர்வைகளின் மஞ்சளாகவும் இருந்தது. ஒரு கைப்பிடி லைக்கன், இரைக்குள் வைத்தால் கொலை, நூலில் ஏற்றினால் ஆடை.

இந்த வழக்குக்கு வேண்டியது வேறு சாயம்.

ஏனென்றால் எல்க்குகளைச் சாய்த்த அதே உருளும் லைக்கன், அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடியினரான நவஹோ நெசவாளர்களின் சாயச் சட்டியில் உண்டு. தரையிலிருந்து கூடை கூடையாகப் பொறுக்கி, தண்ணீரில் போட்டு, கம்பளி நூலோடு நேரம் எடுத்துக் கொதிக்க விடுவார்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். நூல் மெல்லப் பழுப்பாகி, செம்பழுப்புக்குப் போகும். படிகாரம் இல்லாமலேயே நிறம் பிடிக்கும், வெளுக்காது. காரணம் அந்தச் சலாசினிக் அமிலம். அதில் ஆல்டிஹைடு தொகுதி ஒன்று இருக்கிறது. கம்பளி என்பது புரதம். அதில் அமினோ தொகுதிகள் ஏராளம். கொதிநீரில் இரண்டும் சந்தித்தால் வேதிப் பிணைப்பே உண்டாகிறது. நிறம் நூலில் ஒட்டுவதில்லை, நூலின் பகுதியாகிவிடுகிறது. லைக்கன் ஆய்வாளர்கள் அமினோ தொகுதி கொண்ட பாரா-ஃபினிலின்டையமீன் சொட்டு விட்டு மஞ்சள் ஆரஞ்சு பார்ப்பதும் இதே சந்திப்பைத்தான். 1930-களில் ஜப்பானியர் அசாஹினா அந்தச் சோதனையைக் கொண்டுவருவதற்கு முன்பே சட்டிகளில் அது நடந்துகொண்டிருந்தது.

நவஹோ முறையிலும் அமிலம் மனிதர் வயிற்றுக்குள் போகவில்லை. நூலுக்குள் போயிற்று. சாம்பல் நீர், முன்கூட்டிச் சுவைத்தல், வெந்நீர்க் கஷாயம், சாயச் சட்டி என்று எதை எடுத்தாலும் லைக்கன் அமிலத்துக்குப் போக ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மாத்திரை அந்த இடத்தை அடைத்துவிட்டு, லைக்கனின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. எல்க்குகளின் விஷயத்தில் அந்த இடம் அவற்றின் இரைப்பை நுண்ணுயிர்கள்; அந்தக் குளிர்காலத்தில் அவை தயாராக இல்லை.

மறுபடியும்

2008-ல் அதே வட்டாரத்தில் எல்க்குகள் மீண்டும் விழுந்தன. முன்னதைவிடக் குறைந்த எண்ணிக்கை, அதே தள்ளாட்டம், அதே லைக்கன்.

இதற்குத் தடுப்பு என்று பெரிதாக எதுவும் செய்ய இயலாது. களைக்கொல்லி அடித்து ஒழிக்கும் செடி அல்ல அது. வேர் இல்லை, ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மான்களை அங்கிருந்து விரட்டினால் அந்தக் குளிரில் வேறெங்கே மேயும் என்ற கேள்வி வரும். வைக்கோல் போட்டால் கூட்டம் ஓரிடத்தில் குவிந்து வேறு நோய்கள் பரவும். விழுந்த எல்க்கைப் பார்த்தவுடன் தொற்றுநோய் என்று பதறாமல் இரைப்பையைத் திறந்து மஞ்சள் பச்சைத் துண்டுகளைத் தேடலாம். கிடைத்தால் சுரண்டி, ஒரு சொட்டுக் காரம் விட்டு, சிவக்கிறதா என்று ஒரு நிமிடம் காத்திருக்கலாம்.